ஐஸ் உருகிய தேதி

வங்கியில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் மட்டும் போகவே போகாது. எதை எழுதுவதாக இருந்தாலும் முதலில் தேதியைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவான். தேதி இல்லாத வவுச்சர் வெறும் காகிதம். இந்த இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, தேதி எழுதுவதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் இது வங்கிக் கதை அல்ல. வசந்தம் என்றைக்கு வந்தது என்று வருஷா வருஷம் குறித்து வைத்த ஒரு மனிதரின் கதை. அவர் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்ததே தற்செயல்தான்.

2014-ல் ஓய்வு பெற்றேன். அந்த நவம்பரில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். ஆறு மாத விசா. பனி பெய்வதைப் பார்க்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் குஷி. முதல் பனி விழுந்த அன்று போட்டோ எடுத்து நம் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜனவரி கடைசியில் அந்தக் குஷி எல்லாம் போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனில் மொத்தம் 110 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. ஒன்பது அடி! அந்த நகரத்தில் கணக்கு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு பனி பெய்ததில்லை. தெருவில் வழித்துக் குவித்த பனியைக் கொட்ட இடமில்லாமல் லாரியில் ஏற்றிக் காலி மைதானங்களில் மலை மாதிரி குவித்தார்கள். அதில் ஒரு மலை ஜூலை 14-ம் தேதிதான் முழுசாக உருகியது என்று பிறகு செய்தியில் படித்தேன்.

நமக்கு இது புரியாது. இங்கே மார்கழியில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாக்கிங் போனால் அதுதான் குளிர்காலம். அங்கே நான்கைந்து மாதம் மரத்தில் ஓர் இலை கிடையாது. மாலை நாலரை மணிக்கு இருட்டிவிடும். வாசல் படியில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும் என்று மகள் எங்களை வெளியே விடவே இல்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்போம். என் மனைவி ஒரு நாள், "என்னங்க, இந்த ஊர்ல மரமெல்லாம் செத்துப் போச்சா, தூங்குதா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பேத்தியின் வீட்டுப்பாடம்

மார்ச் மாதம் பிறந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள். வசந்தத்தின் அடையாளங்களில் எதை என்றைக்கு முதலில் பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று எழுத வேண்டும். "தாத்தா, நீதான் நாள் பூரா ஜன்னல்கிட்ட இருக்க, நீ பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

காலண்டரில் வசந்தம் மார்ச் 20 என்று அச்சடித்திருந்தது. வெளியே முழங்கால் அளவு பனி. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டதே, பார்க்க ஆரம்பித்தேன். மார்ச் நடுவில் ஒரு நாள், இலையில்லாத மரத்தின் உச்சியில் ஒரு கருப்புப் பறவை. தோளில் மட்டும் குங்குமம் அப்பிய மாதிரி சிவப்பு. துருப்பிடித்த கதவைத் திறப்பது மாதிரி ஒரு சத்தம். தாளில் தேதியைப் போட்டேன். "செந்தோள் கரும்பறவை தாத்தா, தெற்கேயிருந்து திரும்பி வந்திருக்கு" என்றாள் பேத்தி. அதற்குப் பிறகு ஒரு வாரம் வேறு எதுவும் இல்லை. கட்டங்கள் காலியாகவே இருந்தன.

நான் இதில் மும்முரமாக இருப்பதைப் பார்த்த மாப்பிள்ளை, "இதையே தொழிலாகச் செய்த ஒருத்தர் பக்கத்து ஊரில் இருந்தார், வாங்க காட்டறேன்" என்று மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப் போனார். ஊர் பெயர் கான்கார்ட். நாங்கள் போய் நின்றது வால்டன் என்ற ஒரு குளத்தின் கரையில். குளம் என்று சொன்னால்தான் தெரியும். எதிரில் இருந்தது வெள்ளை மைதானம். தண்ணீர் முழுக்க உறைந்து கிடந்தது.

தோரோ வைத்த கணக்கு

ஹென்றி டேவிட் தோரோ என்ற பெயரை நம்மில் பலர் காந்தியை ஒட்டிக் கேள்விப்பட்டிருப்போம். வரி கட்ட மாட்டேன் என்று 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தவர். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்தார். அந்த தோரோதான் இவர். 1817 ஜூலை 12-ல் கான்கார்டில் பிறந்தார். ஹார்வர்டில் 1837-ல் பட்டம் பெற்றார். குடும்பத்துக்குப் பென்சில் செய்யும் தொழில். அதையும் பார்த்துக்கொண்டார், நிலம் அளக்கும் சர்வேயர் வேலையும் செய்தார்.

1845 ஜூலை 4 அன்று இந்த வால்டன் கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தானே கட்டிய ஒற்றை அறை வீட்டில் குடியேறினார். 1847 செப்டம்பர் 6 வரை இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கே இருந்தார். வீடு கட்ட ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அரை சென்ட் வரைக்கும் கணக்கைப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு மனிதரைப் பிடித்துப் போய்விட்டது. குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1846-ல் உறைந்த குளத்தின் மேல் நடந்து, துளை போட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார். ஆழமான இடம் 102 அடி. பிற்காலத்தில் கருவி வைத்து அளந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே ஆழம்தான் கிடைத்தது.

1854 ஆகஸ்ட் 9-ல் வெளிவந்த 'வால்டன்' என்ற புத்தகத்தில் வசந்தத்துக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் நடுவில் ஏழு தேதிகள். குளம் முழுக்க ஐஸ் இல்லாமல் திறந்த நாள், வருஷ வாரியாக. 1845 ஏப்ரல் 1. 1846 மார்ச் 25. 1847 ஏப்ரல் 8. 1851 மார்ச் 28. 1852 ஏப்ரல் 18. 1853 மார்ச் 23. 1854 ஏப்ரல் 7 வாக்கில். கடைசித் தேதிக்கு மட்டும் 'வாக்கில்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார் பாருங்கள், சரியாகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத நேர்மை அது. மாப்பிள்ளை புத்தகத்தைக் காட்டியதும் நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏழு வருஷச் சராசரி ஏப்ரல் 2. மிக முந்திய வருஷத்துக்கும் மிகப் பிந்திய வருஷத்துக்கும் வித்தியாசம் 26 நாள்.

மெட்ராசுக்கு வந்த ஐஸ்

இங்கே நமக்கும் அந்தக் குளத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். அந்தக் கட்டடத்தை 1842-ல் கட்டியது பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரியின் கம்பெனி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளங்களில் குளிர்காலத்தில் ஐஸை ரம்பம் போட்டு அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் போனது. 180 டன் ஏற்றியதில் நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் மிஞ்சியது. இப்படித்தான் மெட்ராஸ் துரைமார்கள் கோடையில் ஐஸ் போட்டுக் குடித்தார்கள்.

1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்துக்கும் வந்தார்கள். தினம் ரயிலில் நூறு பேர். குடிசைக்குள் இருந்து தோரோ பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராசிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருப்பவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்ற பொருளில் எழுதியும் வைத்தார். ஆனால் கணக்குப்பிள்ளை என்ற முறையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் அறுத்துக் கரையில் 35 அடி உயரத்துக்கு அடுக்கி, வைக்கோல் போட்டு மூடிய பெரிய குவியல், பத்தாயிரம் டன் என்று மதிப்பிட்டது, கடைசிவரை ஊரைத் தாண்டவில்லை. 1847 ஜூலையில் மூடியைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்தார்கள். மற்றது வெயிலில் கிடந்து, அடுத்த குளிர்காலத்தையும் பார்த்து, 1848 செப்டம்பரில்தான் உருகி முடிந்தது. பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. இதையும் தோரோதான் குறித்து வைத்திருக்கிறார். ஐஸ் உருகி முடிந்த மாதத்தைக்கூட விடாத ஆள் அவர்.

தொப்பிக்குள் செடி

வால்டனை விட்டு ஊருக்குள் திரும்பிய பிறகுதான் அவருடைய உண்மையான பதிவு வேலை ஆரம்பித்தது. 1851 வாக்கிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் எந்தச் செடி எந்தத் தேதியில் முதல் பூ விட்டது, எந்த மரம் துளிர்த்தது, எந்தப் பறவை வந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். தினம் மத்தியானம் பல மணி நேரம் நடை. கையில் நோட்டும் பென்சிலும். பறித்த செடி வாடாமல் இருக்க வைக்கோல் தொப்பிக்குள்ளேயே ஒரு தட்டு மாதிரி அமைத்துக்கொண்டு, அதில் வைத்து எடுத்து வருவார். நாலைந்து மைல் தள்ளி இருக்கும் ஒரு செடி சரியாக என்றைக்குப் பூக்கிறது என்று தெரிந்துகொள்ள, பதினைந்து நாளில் ஆறு முறை நடந்து போய்ப் பார்த்ததாகச் சொல்கிறார். ஒரு சதுப்பு நிலத்தில் மயக்கம் தெளிந்து எழுந்தால்கூட, சுற்றியுள்ள செடிகளைப் பார்த்து இன்ன தேதி என்று இரண்டு நாள் முன்பின்னாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. எமர்சன் இதை எழுதியிருக்கிறார்.

நீண்ட குளிர்காலத்தில் அடைபட்டவர்களுக்கு முதல் அடையாளம் என்பது பூ அல்ல. அது மெல்ல மெல்ல வருகிறது. முதலில் வெயில் ஏற ஏறக் குளத்தின் ஐஸ் விரிந்து பீரங்கி மாதிரி முழங்கும். அப்புறம் ரயில் பாதைக்காக வெட்டிய மேட்டில் ஈர மணல் இளகி, இலை இலையாக வழிந்து இறங்கும். அதைப் பற்றி மட்டும் அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். சதுப்பில் ஸ்கங்க் காபேஜ் என்று ஒரு செடி. அது பூக்கும்போது தானே சூடு உண்டாக்கி, சுற்றிலும் உள்ள பனியை உருக்கிக்கொண்டு மேலே வரும். பிறகு நீலக்குருவி, செந்தோள் கரும்பறவை, வடக்கே போகும் வாத்துக் கூட்டம். ஏப்ரலில் இருட்டியதும், கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் குட்டித் தவளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து விசில் அடிக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தேதி இருந்தது.

படித்தவர், வேலைக்குப் போகாமல் காட்டில் பூ எண்ணிக்கொண்டு திரிகிறாரே என்று ஊரில் பலருக்கு அவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நம் பிளாக்கில் ஒருவர் தினம் மத்தியானம் செடியை உற்றுப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் நாம் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும்.

கடைசி சில வருஷங்களில் அவர் அந்த நாட்குறிப்புகளைப் பிரித்து, பெரிய பெரிய தாள்களில் அட்டவணை போட ஆரம்பித்தார். மேலே வருஷங்கள், பக்கத்தில் நிகழ்வுகள், கட்டத்துக்குள் தேதி. நாங்கள் டே புக்கிலிருந்து லெட்ஜருக்கு ஏற்றுவோமே, அதே வேலை. எதற்காக என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. 1860 டிசம்பரில், வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணப் போனவருக்குச் சளி பிடித்து, அது நெஞ்சில் இறங்கியது. ஏற்கெனவே காசநோய் இருந்த உடம்பு. 1862 மே 6 அன்று, ஊரில் ஆப்பிள் மரங்கள் பூக்கும் காலத்தில், இறந்து போனார். வயது 44. லெட்ஜர் முடியவில்லை. கட்டங்கள் பல காலியாகவே இருக்கின்றன.

கடைக்காரர் தொடர்ந்த கணக்கு

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. தோரோ இறந்து பதினாறு வருஷம் கழித்து, அதே கான்கார்டில் ஆல்பிரெட் ஹாஸ்மர் என்ற ஒரு கடைக்காரர் அதே வேலையை எடுத்துக்கொண்டார். அவர் பெரிய எழுத்தாளர் இல்லை. கடையைப் பார்த்துக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தவர், தோரோவிடம் பற்று உள்ளவர். 1878-லும், பிறகு 1888 முதல் 1902 வரை விடாமலும், 600-க்கும் மேற்பட்ட செடிகளின் முதல் பூத் தேதிகளை எழுதி வைத்தார். 1903-ல் அவரும் போய்விட்டார். எனக்குத் தோரோவைவிட இவர் மேல்தான் மதிப்பு அதிகம். தோரோவுக்காவது புத்தகம், பெயர் என்று ஒன்று கிடைத்தது. இவர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அதை யாரும் படிக்கப் போவதாக அவருக்குத் தெரியாது.

நூறு வருஷம் அந்தத் தாள்கள் சும்மா கிடந்தன. 2003 வாக்கில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய மாணவர் ஏபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அவற்றை எடுத்தார்கள். தோரோ 1852 முதல் 1858 வரை எழுதிய பூக்கும் தேதிகள், ஹாஸ்மரின் தேதிகள், இடையில் வேறு சிலர் எழுதியவை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தாங்களும் ஐந்து வசந்தம் அதே ஊரில் நடந்து அதே பூக்களைத் தேடினார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அடிக்கடி காணக்கிடைக்கும் 43 வகைச் செடிகள், தோரோ காலத்தைவிடச் சராசரியாக 7 நாள் முந்திப் பூக்கின்றன. சில செடிகள் மூன்று வாரமும் அதற்கு மேலும் முந்தியிருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் அந்த ஊரின் வெப்பநிலை 2.4 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. உலகம் சூடானது ஒரு காரணம், பாஸ்டன் நகரம் வளர்ந்து பக்கத்தில் வந்தது இன்னொரு காரணம். மிக வெப்பமான 2012 வசந்தத்தில் பல பூக்கள் தோரோவின் தேதிக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே வந்துவிட்டன. ஏப்ரல் முதல் தேதி வாக்கில் திறந்த வால்டன் குளம், இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்தில் சராசரியாக மார்ச் நடுவிலேயே திறந்திருக்கிறது.

இதைவிட வருத்தமான கணக்கு ஒன்றும் வந்தது. தோரோ பார்த்த செடி வகைகளில் கால் பங்குக்கு மேல் இப்போது கான்கார்டில் இல்லவே இல்லை. இன்னும் மூன்றில் ஒரு பங்கு, எண்ணிக்கை குறைந்து, போகிற நிலையில் இருக்கிறது. வெப்பத்துக்குத் தகுந்தபடி தேதியை மாற்றிக்கொள்ளத் தெரிந்த செடிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. மாற்றத் தெரியாத குடும்பங்கள்தான் அதிகம் அழிந்தன. தெற்கேயிருந்து வரும் பறவைகளில் பெரும்பாலானவை பழைய தேதியிலேயே வருகின்றன. விருந்து முந்தி நடக்கிறது, விருந்தாளி பழைய அழைப்பிதழை வைத்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் என்னைக் கேட்கலாம். 2015 மார்ச் கடைசியில் நீர் போனபோது குளம் உறைந்துதானே கிடந்தது, அப்புறம் என்ன வெப்பம் என்று. நியாயமான கேள்வி, நானும் மாப்பிள்ளையிடம் கேட்டேன். பதிலை யோசித்தால் நம் காமர்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு வருஷ பேலன்ஸ் ஷீட்டை வைத்துக் கம்பெனியை எடை போடக்கூடாது. தோரோவின் ஏழு வருஷத்திலேயே 26 நாள் வித்தியாசம் இருந்ததே! ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். பத்து வருஷம், ஐம்பது வருஷம், நூற்றைம்பது வருஷம் என்று வரிசையாகத் தேதி இருந்தால்தான் போக்கு தெரியும். ஞாபகத்தை நம்பினால், "அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு" என்று பெருமூச்சு விடலாமே தவிர, எதையும் நிரூபிக்க முடியாது. தோரோ எழுதிய ஒவ்வொரு தேதியும் தனியாகப் பார்த்தால் அற்பம். ஒரு பூ, ஒரு நாள். சேர்த்து வைத்ததுதான் சாட்சியாயிற்று.

ஏப்ரல் மூன்றாவது வாரம் மறுபடியும் வால்டனுக்குப் போனோம். வெள்ளை மைதானத்தைக் காணோம். நீலத் தண்ணீர், சின்ன அலை. கரையோரம் செந்நிற மேப்பிள் மரங்களில் சிவப்புப் பொடி தூவினாற்போலப் பூ. என் மனைவி ஒரு கிளையை வளைத்துப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "தூங்கிட்டுதாங்க இருந்திருக்கு" என்றாள். பேத்தியின் தாளில் பதினொரு கட்டம் நிரம்பியிருந்தது. நான் பார்க்காமல் போனவற்றைக் காலியாக விடச் சொன்னேன். பின் தேதி போட்டு நிரப்புவது எங்கள் தொழிலில் குற்றம்.

நம் வீட்டு வேப்பம்பூ

இப்போது ஊருக்கு வருகிறேன். நமக்குப் பனி இல்லை, ஐஸ் உருகுவதில்லை. ஆனால் பருவம் மாறாமல் இல்லை. பின்பனி முடிந்து இளவேனில் வருவதற்கு நம் வளாகத்திலேயே அடையாளங்கள் இருக்கின்றன. கேட் பக்கம் இருக்கும் புங்கமரம் இலையை எல்லாம் கொட்டிவிட்டு, ஒரே வாரத்தில் பளபளவென்று இளம்பச்சை கட்டிக்கொள்கிறது. பார்க்கிங் பின்னால் இருக்கும் வேம்பு பூக்கிறது. விடியற்காலையில் குயில் கூப்பிட ஆரம்பிக்கிறது. இவை என்றைக்கு நடக்கின்றன? இங்கே பல வருஷமாகக் குடியிருக்கிறேன். கார் கழுவும் பையன் வராத நாளெல்லாம் எனக்குத் தெரியும். புங்கமரம் துளிர்த்த தேதி ஒரு வருஷத்துக்குக்கூடத் தெரியாது.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு இதை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து, "நான் எழுதி வெச்சிருந்தேனே" என்றாள். விஷயம் இதுதான். சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, பால் கணக்கு எல்லாம் அவள் அதில்தான் எழுதுவாள். அதோடு, வருஷப்பிறப்புப் பச்சடிக்கும் அப்புறம் ரசத்துக்கும் வேண்டுமே என்று, வேப்பம்பூ உதிர ஆரம்பித்த நாள், பொறுக்கி மொட்டை மாடியில் காயப்போட்ட நாள், முதல் மாவடு போட்ட நாள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் குறித்து வந்திருக்கிறாள். அடுத்த வருஷம் எப்போது எதிர்பார்க்கலாம் என்று பார்த்துக்கொள்வதற்காக. நான் ஒரு முறைகூட அதைப் படித்ததில்லை.

"அந்தக் காலண்டரெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "நீங்கதானே வருஷா வருஷம் ஜனவரியில பழைய பேப்பர்காரருக்குப் போடுவீங்க" என்றாள்.

முப்பத்தாறு வருஷம் மற்றவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாகக் கட்டிப் பரணில் ஏற்றியவன், என் வீட்டு லெட்ஜரைக் கிலோ எட்டு ரூபாய்க்குப் போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் வந்த காலண்டர்கள் இப்போது என் பீரோவில் இருக்கின்றன. முந்தியவை போனது போனதுதான். திரும்ப எழுத வழியில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். செக்யூரிட்டி அறையில் விசிட்டர் ரெஜிஸ்டர் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கேட் புங்கமரம், பார்க்கிங் வேம்பு, குயில். இப்போதைக்கு இந்த மூன்று தலைப்பு போதும். யார் முதலில் பார்த்தாலும், கேட்டாலும், தேதியும் பிளாட் நம்பரும் போட்டு ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 'வாக்கில்' என்று சேருங்கள். பார்க்காததைக் காலியாக விடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்து.

இதனால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. மெயின்டனன்ஸ் குறையாது, போர்வெல்லில் தண்ணீர் ஏறாது. நம்மில் பாதிப் பேர் இருக்கப்போவதில்லை, அந்த நோட்டுக்கு உபயோகம் வரும்போது. தோரோவும் இல்லை, ஹாஸ்மரும் இல்லை.

போன மாசி மாதம் நோட்டில் முதல் வரி விழுந்தது. எழுதியது நான் இல்லை. எனக்கு முன்னால் இரவு ஷிப்ட் வாட்ச்மேன் எழுதிவிட்டார். குயில், விடியற்காலை 4.50, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். தேதி போட்டிருக்கிறார்.